கழிவுநீர்க் கசடை வயலில் போடலாமா? ஊரில் அண்ணன் கேட்கிறார்

கோபிக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். நான் ஜூரோங்கில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் கோபிசெட்டிபாளையம் பக்கம். அண்ணன் நாலு ஏக்கரில் வாழையும் மஞ்சளும் மாற்றி மாற்றிப் போடுகிறார்.

போன வாரம் ஓர் ஒப்பந்தக்காரர் தோட்டத்துக்கு வந்திருக்கிறார். பக்கத்து நகரத்தின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் காய்ந்த கசடு மலையாகக் குவிந்து கிடக்கிறதாம். லாரியில் கொண்டுவந்து இலவசமாக இறக்கித் தருவாராம், டிரைவர் பேட்டா மட்டும் கொடுத்தால் போதும். "சுத்திகரிச்ச சரக்கு, டிஏபி உர மூட்டையே வாங்க வேண்டாம்" என்று சொல்லியிருக்கிறார். பக்கத்துத் தோட்டக்காரர் இரண்டு ஏக்கருக்குப் பத்து லோடு இறக்கிவிட்டார். அவருடைய மஞ்சள் இப்போது கருகருவென்று நிற்கிறது. அதைப் பார்த்ததிலிருந்து அண்ணனுக்கு ஆசை வந்துவிட்டது.

சிங்கப்பூரில் கழிவுநீரைக் குடிக்கும் அளவுக்குச் சுத்தம் செய்கிறார்கள். அப்படியானால் இங்கே கசடை என்ன செய்கிறார்கள்? உரமாக்குகிறார்களா? விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் அண்ணனிடம் பேச உதவியாக இருக்கும்.

துவாஸ் ஷிப்ட்

தம்பி, நான் பல வருடம் கழிவுநீர் ஆலைகளில் வேலை பார்த்தவன். இங்கே கசடு மண்ணுக்குப் போவதில்லை, எரிக்கிறோம்.

வீடுகளிலிருந்தும் தொழிற்சாலைகளிலிருந்தும் வரும் கழிவுநீர் ஆழ்சுரங்கம் வழியாக ஆலைக்கு வரும். கிராஞ்சியிலிருந்து சாங்கி வரைக்குமான 48 கிலோமீட்டர் சுரங்கம் 2008-ல் முடிந்தது. ஆலையில் தண்ணீரிலிருந்து பிரியும் கசடு, காற்றில்லாத பெரிய தொட்டிகளில் வாரக்கணக்கில் கிடந்து செரிக்கும். அதில் வரும் மீத்தேன் வாயுவை எரித்து ஆலைக்கே மின்சாரம் எடுக்கிறோம். மிஞ்சுவதைப் பிழிந்து, காயவைத்து, உலையில் போடுவோம். கடைசியில் தேறும் சாம்பல், குப்பைக் கிடங்கான செமக்காவ் தீவுக்குப் போகும்.

இதற்குக் காரணம் நிலம். நாட்டின் பரப்பில் ஒரு விழுக்காடு அளவுதான் விவசாயம், அதுவும் பெரும்பாலும் லிம் சூ காங் பக்கம். கிட்டத்தட்ட 60 லட்சம் பேரின் கசடை அங்கே கொட்டினால் தாங்காது. அதனால் சிங்கப்பூர் எரிக்கிறது என்பதை மட்டும் வைத்துக் கசடு விஷம் என்று முடிவு கட்டாதீர்கள். உங்கள் ஊருக்குக் கேள்வியே வேறு. அந்த நகரத்தின் சாக்கடையில் யார் யார் என்னென்ன விடுகிறார்கள்? அதை முதலில் விசாரியுங்கள்.

யீஷூன் தோட்டம்

எனக்கும் ரொம்ப நாளாக ஒரு சந்தேகம். பூங்காவில் வாடகைப் பாத்தி எடுத்துக் கீரையும் வெண்டையும் போடுகிறேன். கழிவுநீரைச் சுத்திகரித்து எடுக்கும் புதுநீர் 2003-லிருந்து இருக்கிறது, நாம் பயமில்லாமல் ஏற்றுக்கொண்டோம். அதே கழிவுநீரிலிருந்து வந்த கசடு என்றால் மட்டும் ஏன் இவ்வளவு யோசனை? தண்ணீர் சுத்தமாகிறது என்றால் கசடும் சுத்தமாகத்தானே ஆகும்?

வேதியியல் ஆசிரியர்

அப்படி இல்லைங்க. தண்ணீர் சுத்தமாவதே, அதில் இருந்த அழுக்கு வேறு எங்கோ போய்ச் சேருவதால்தான். கழிவுநீரில் கரைந்தும் மிதந்தும் வரும் காட்மியம், ஈயம், துத்தநாகம், செம்பு, குரோமியம் எல்லாம் நுண்ணுயிர்க் கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டு அடியில் தங்குகின்றன. கொழுப்பில் கரையும் ரசாயனங்களும் புழு முட்டைகளும் அப்படியே. ஆலை எவ்வளவு நன்றாக வேலை செய்கிறதோ, அவ்வளவுக்குக் கசடில் சேர்மானம் கூடும்.

கசடில் வரும் தீங்குகளை நான் இரண்டாகப் பிரித்துப் பார்ப்பேன். காலமும் வெப்பமும் கொன்றுவிடக்கூடியவை ஒரு வகை. கிருமி, புழு முட்டை, நாற்றம் எல்லாம் இதில் அடங்கும். முறையாக மட்க வைத்தால் போய்விடும். இன்னொரு வகை மண்ணில் விழுந்தால் விழுந்ததுதான். உலோகங்கள் சிதைவதில்லை, அழுகுவதில்லை. இருபது வருடம் கழித்து "தெரியாமல் போட்டுவிட்டோம்" என்றால் மேல்மண்ணையே வழித்து எடுப்பதைத் தவிர வழியில்லை. "சுத்திகரித்தது" என்று ஒப்பந்தக்காரர் சொல்வது முதல் வகைக்கு மட்டும்தான் ஓரளவு பொருந்தும். அதற்கும் எப்படிச் சுத்திகரித்தார்கள் என்று கேட்க வேண்டும்.

பொத்தோங் பாசிர் பழைய ஆள்

இதைப் படிக்கும்போது அந்தக் காலம் நினைவுக்கு வருகிறது. அறுபதுகளில் பொத்தோங் பாசிரில் எங்கள் வீட்டைச் சுற்றிக் காய்கறித் தோட்டங்கள்தான். சீனத் தோட்டக்காரர்கள் மலத்தைத் தண்ணீரில் கரைத்துப் பாத்திக்கு ஊற்றுவார்கள். அப்போது வாளிக் கக்கூஸ்தானே. 36 கதவு வைத்த லாரி வந்து வாளிகளை ஏற்றிப் போகும். அந்த வாளி முறை 1987-ல்தான் ஒழிந்தது. கீரை அவ்வளவு செழிப்பாக இருக்கும், வாங்கித்தான் சாப்பிட்டோம்.

ஆனால் வீட்டில் எல்லாப் பிள்ளைகளுக்கும் வயிற்றில் பூச்சி இருந்தது என்பதும் உண்மை. மாதம் ஒரு தடவை விளக்கெண்ணெய் கொடுத்துவிடுவார்கள். அந்த வாளியில் மனிதக் கழிவு மட்டும்தான் இருந்தது. இப்போது சாக்கடைக்குள் பட்டறைத் தண்ணீர், ரசாயனம், மருந்து எல்லாம் ஒன்றாய்ப் போகிறது. "எங்க தாத்தா காலத்திலேயே போட்டாங்க" என்று யாராவது சொன்னால், அது இந்தச் சரக்கு இல்லை என்று தம்பி அண்ணனுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

தாதி மலர்

ஐயா பூச்சியைப் பற்றிச் சொன்னதால் எழுதுகிறேன். உருளைப்புழுவின் முட்டை மண்ணில் பல வருடம் உயிரோடு கிடக்கும். சாதாரண வெயிலில் காயவைத்தால் எல்லா முட்டையும் செத்துவிடும் என்று நம்பக் கூடாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2006 வழிகாட்டுதலில், வயலுக்குப் போகும் மலக்கழிவில் ஒரு கிராம் உலர் எடைக்கு ஒரு புழு முட்டைக்கு மேல் இருக்கக் கூடாது என்று இருக்கிறது. கொக்கிப்புழு வேறு மாதிரி. அதன் குஞ்சு வெறுங்காலின் தோல் வழியாகவே உள்ளே போய்விடும், பிறகு ரத்தசோகை.

மஞ்சள் காட்டில் களை எடுப்பது யார்? கிழங்கு வெட்டுவது யார்? கூலிக்கு வரும் பெண்கள், செருப்பில்லாமல், கையுறை இல்லாமல். நிலத்துக்காரருக்கு உர மூட்டைக் காசு மிச்சமாகிறது, நோய் மட்டும் அந்த அக்காமாருக்குப் போகிறது. கோபிக்காரன் தம்பி, உங்கள் அண்ணன் நல்ல மனிதர் என்று தெரிகிறது. கசடு போடுவதாக இருந்தால் இவர்களையும் கணக்கில் வைக்கச் சொல்லுங்கள்.

நெல்வயல்

எல்லாரும் பயமுறுத்துவதையே எழுதுகிறீர்கள். நான் தஞ்சாவூர்க்காரன், அப்பா இன்னும் விவசாயம் பார்க்கிறார். மறுபக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும்.

கசடில் தழைச்சத்து (நைட்ரஜன்) மூன்று முதல் ஐந்து விழுக்காடு, மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) கணிசமாக இருக்கிறது. அதைவிட முக்கியம் கரிமப் பொருள். நம் ஊர் மண்ணில் அதுதான் தீர்ந்துபோய்க் கிடக்கிறது, தண்ணீர் பிடிப்பதே இல்லை. அமெரிக்காவின் மில்வாக்கி நகரம் தன் கசடை வெப்பத்தில் காயவைத்து 1926-லிருந்து மூட்டையில் உரமாக விற்கிறது. பிரிட்டனில் பெரும்பங்கு கசடு வயலுக்குத்தான் போகிறது. எல்லாருமா முட்டாள்கள்?

மணிச்சத்து உரத்துக்கு மூலமான பாஸ்பேட் பாறையை எடுத்துக்கொள்ளுங்கள். உலக இருப்பில் ஏறக்குறைய 70 விழுக்காடு மொராக்கோவின் கையில். இந்தியா டிஏபிக்காக வெளிநாட்டைக் கெஞ்சி நிற்கிறது. 2022-ல் விலை ஏறியபோது எங்கள் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தில் எவ்வளவு நீள வரிசை! நாம் சாப்பிட்டது வயலிலிருந்து வந்தது. அதைத் திரும்ப வயலுக்குக் கொடுக்காமல் எரித்துச் சாம்பலாக்கித் தீவில் புதைப்பது எப்படி நியாயம்? எரிக்கும்போது தழைச்சத்து முழுக்கப் புகைபோக்கியில் போய்விடுகிறது. மணிச்சத்து சாம்பலில் தங்கினாலும் குப்பைச் சாம்பலோடு கலந்துவிட்டால் பிறகு எடுக்க முடியாது. துவாஸ் அண்ணன் கோபிக்கக் கூடாது, எனக்கு இது பெரிய வீணாகத்தான் படுகிறது.

துவாஸ் ஷிப்ட்

கோபம் ஒன்றும் இல்லை தம்பி, சரியாகத்தான் சொல்கிறீர்கள். செமக்காவ் 1999-ல் திறந்தது, 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்கிறார்கள். அதற்குப் பிறகு சாம்பலுக்கும் இடமில்லை. ஜெர்மனியில் 2017-ல் சட்டம் போட்டார்கள். பெரிய ஆலைகள் 2029-லிருந்து கசடிலிருந்தோ சாம்பலிலிருந்தோ மணிச்சத்தை மீட்டே ஆக வேண்டும். கசடு மண்ணுக்குப் போகாமலே அதில் இருக்கும் சத்து மட்டும் மண்ணுக்குத் திரும்ப அது ஒரு வழி. நாமும் அந்தப் பக்கம் போக வேண்டும் என்பது என் ஆசை.

வேதியியல் ஆசிரியர்

நெல்வயல் சொல்லும் பயன் உண்மை, மறுக்கவில்லை. ஆனால் அளவு பேசாமல் முடிவெடுக்க முடியாது. ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

ஒரு ஹெக்டேரில் மேல் 15 சென்டிமீட்டர் மண்ணின் எடை சுமார் 20 லட்சம் கிலோ. அதில் வருடம் 10 டன் உலர் கசடு போடுகிறோம் என்று வையுங்கள். இந்தியாவின் உரக் கட்டுப்பாட்டு ஆணை நகரக் கம்போஸ்டுக்கு வைத்திருக்கும் காட்மிய வரம்பு கிலோவுக்கு 5 மில்லிகிராம். கசடு அந்த வரம்புக்குள் இருந்தால் வருடம் 50 கிராம் காட்மியம் மண்ணில் சேரும். 20 வருடத்தில் மண்ணின் அளவு கிலோவுக்கு அரை மில்லிகிராம் கூடும். சமாளிக்கலாம் என்று வைத்துக்கொள்வோம்.

அமெரிக்காவின் 1993 விதியில் மிக உயர்ந்த தரம் என்று ஏற்கப்படும் கசடுக்கே காட்மியத்தின் மாத சராசரி வரம்பு கிலோவுக்கு 39 மில்லிகிராம். அந்த அளவு இருந்தால் வருடம் 390 கிராம் சேரும். 20 வருடத்தில் கிலோவுக்கு ஏறக்குறைய 4 மில்லிகிராம் கூடிவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1986 விதிப்படி கசடு போடும் மண்ணில் காட்மியம் கிலோவுக்கு 1 முதல் 3 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. ஒரு நாட்டில் சட்டப்படி சரியான கசடு இன்னொரு நாட்டு மண்ணைச் சட்டப்படியே கெடுத்துவிடும். ஸ்விட்சர்லாந்து இந்தக் குழப்பமே வேண்டாம் என்று கசடை வயலில் போடுவதைத் தடை செய்துவிட்டது.

காட்மியத்தை ஏன் பிடித்துக்கொண்டேன் என்றால், மற்ற உலோகங்களைவிட அது செடிக்குள் எளிதாக ஏறும். செடி வாடாது, பச்சையாகவே நிற்கும், சாப்பிடுகிறவரின் சிறுநீரகத்தில் வருடக்கணக்கில் சேரும். கீரை வகைகள் அதிகம் இழுக்கும், நெல்லும் இழுக்கும். ஜப்பானின் டொயாமாவில் சுரங்கக் கழிவு ஆற்றுநீரில் கலந்து, அந்த நீர் பாய்ந்த வயலின் அரிசியைச் சாப்பிட்டவர்களுக்கு எலும்பு முறியும் நோயே வந்தது. மண் புளிப்பாக இருந்தால் உலோகம் விடுபட்டு ஏறும், சுண்ணாம்புத்தன்மை இருந்தால் பிடித்து வைத்துக்கொள்ளும். கொங்குப் பக்கம் பல இடங்களில் சுண்ணாம்பு மண் என்பது ஓர் ஆறுதல். ஆனால் அண்ணன் தோட்டத்து மண் எப்படி என்று சோதித்தால்தான் தெரியும்.

கோபிக்காரன்

எல்லாருக்கும் நன்றி. நேற்று இரவு அண்ணனோடு ரொம்ப நேரம் பேசினேன். துவாஸ் அண்ணன் கேட்கச் சொன்னதை விசாரித்தோம். அந்த நகரத்தில் சின்னச் சின்னச் சாயப்பட்டறைகள் இருக்கின்றன. வண்டி பழுது பார்க்கும் பட்டறைகளும் முலாம் பூசும் கடை ஒன்றும் இருக்கின்றன. அவற்றின் தண்ணீர் எங்கே போகிறது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஒப்பந்தக்காரரிடம் சோதனை அறிக்கை கேட்டதற்கு, "இலவசமாத் தர்ற சரக்குக்கு ரிப்போர்ட் கேக்கறீங்களே" என்று சிரித்திருக்கிறார்.

துவாஸ் ஷிப்ட்

முலாம் பூசும் கடை என்றதும் என் மனம் நிம்மதி இழந்துவிட்டது. நிக்கல், குரோமியம், துத்தநாகம், சில இடங்களில் காட்மியம், எல்லாம் அங்கேதான். அப்படி ஒரே கடை இரவில் திறந்துவிடும் தண்ணீர், ஒரு சின்ன நகரத்தின் மொத்தக் கசடையும் கெடுக்கப் போதும்.

இங்கே தொழிற்சாலை எதை எவ்வளவு சாக்கடையில் விடலாம் என்பதற்குச் சட்டத்தில் உலோகம் உலோகமாக வரம்பு உண்டு, மாதிரி எடுத்துப் பார்ப்பார்கள். துவாஸ் ஆலைக்குப் போகும் புதிய சுரங்கத் திட்டத்தில் வீட்டுக் கழிவுநீருக்கு ஒரு குழாய், தொழிற்சாலைக் கழிவுநீருக்குத் தனிக் குழாய். சாக்கடையின் வாயிலேயே பிரித்துவிட்டால்தான் கடைசியில் கிடைப்பதை நம்ப முடியும். கசடு வந்தபிறகு அதிலிருந்து உலோகத்தைப் பிரித்தெடுப்பது ஊர் நகராட்சிகளின் சக்திக்கு மீறியது.

யீஷூன் தோட்டம்

வாத்தியார் சார், ஒட்டாத தோசைக்கல், மழைக்கோட்டு, தீயணைப்பு நுரை இதிலெல்லாம் இருக்கிற பிஃபாஸ் (PFAS) ரசாயனங்கள் பற்றி இப்போது நிறையப் பேசுகிறார்கள். அதுவும் கசடில் வருமா?

வேதியியல் ஆசிரியர்

வரும். அவை ஆயிரக்கணக்கான ரசாயனங்கள் கொண்ட ஒரு குடும்பம், இயற்கையில் சிதையாதவை. அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் அரசாங்க அனுமதியோடுதான் பல்லாண்டு கசடைப் பண்ணைகளில் போட்டார்கள், காகித ஆலைக் கசடும் அதில் உண்டு. பிறகு சோதித்தபோது மாட்டுப் பாலிலும் கிணற்றுத் தண்ணீரிலும் விவசாயிகளின் ரத்தத்திலும் இந்த ரசாயனம். பண்ணைகள் மூடப்பட்டன. 2022-ல் அந்த மாநிலம் கசடை நிலத்தில் போடுவதையே சட்டம் போட்டு நிறுத்தியது. அந்த விவசாயிகள் எந்த விதியையும் மீறவில்லை. விதி எழுதியபோது இந்தப் பொருளை யாரும் அளக்கவில்லை, அவ்வளவுதான். எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட வேதனை தருகிறது.

எரித்தால் முழுக்கப் போய்விடும் என்றும் நினைக்க வேண்டாம். அதை உடைக்க மிக அதிக வெப்பம் வேண்டும். உற்பத்தியிலேயே நிறுத்துவதுதான் உருப்படியான வழி.

நெல்வயல்

முலாம் கடை விஷயம் தெரிந்தபிறகு நானும் வேண்டாம் என்றுதான் சொல்வேன் நண்பா. என் வாதம் நல்ல கசடுக்கு. செங்கல்பட்டுப் பக்கம் கருங்குழியில் வீட்டு செப்டிக் டேங்கிலிருந்து எடுக்கும் கழிவுக்கென்றே தனி நிலையம் இருக்கிறது. வீட்டுக் கழிவு மட்டும் வரும் அப்படிப்பட்ட இடத்துக் கசடை, குப்பையோடு சேர்த்துச் சூடேற மட்க வைத்தால் அது வேறு சரக்கு. குவியலின் உள்ளே 55 டிகிரிக்குக் குறையாமல் 15 நாள், அதற்குள் ஐந்து முறை புரட்ட வேண்டும். அதைத்தான் நாம் கேட்டு வாங்க வேண்டும்.

இன்னொன்று. வாழைக்கு முக்கியம் சாம்பல்சத்து (பொட்டாசியம்). அது தண்ணீரில் கரைந்து ஆலையிலிருந்து வெளியே போய்விடும், கசடில் மிகக் குறைவு. எத்தனை லோடு போட்டாலும் அண்ணன் பொட்டாஷ் மூட்டை வாங்கத்தான் வேண்டும். "மூட்டையே வேண்டாம்" என்ற பேச்சு வாழைக்குச் செல்லாது.

வேதியியல் ஆசிரியர்

அருமையான குறிப்பு. பக்கத்துத் தோட்டக்காரரின் பத்து லோடையும் பார்ப்போம். லோடுக்கு 8 டன், அதில் பாதி ஈரம் என்று வைத்தால்கூட இரண்டு ஏக்கரில் 40 டன் உலர் கசடு, அதாவது ஹெக்டேருக்கு 50 டன். தழைச்சத்து 4 விழுக்காடு என்றால் 2,000 கிலோ. முதல் வருடம் அதில் கால்பங்கு கரைந்தாலே 500 கிலோ. மஞ்சளுக்குத் தேவை சுமார் 150 கிலோதான். செடி எடுக்காத மிச்சம் நைட்ரேட்டாகிக் கிணற்றுக்கு இறங்கும். இந்தியக் குடிநீர்த் தரத்தில் லிட்டருக்கு 45 மில்லிகிராம்தான் வரம்பு, கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு அதைத் தாண்டுவது ஆபத்து. பயிர் கருகருவென்று நிற்பது அந்த அளவுமீறலின் அடையாளமும்தான்.

மஞ்சளே கிழங்கு, மண்ணுக்குள் கிடப்பது. கிருமி முழுதாக அழியாத இரண்டாம் தரக் கசடை மண்ணில் கலந்தால் கிழங்குப் பயிரை 38 மாதம் வரை அறுவடை செய்யக் கூடாது என்று அமெரிக்க விதியில் இருக்கிறது. பக்கத்துத் தோட்டத்தில் இதே வருடம் வெட்டப்போகிறார்கள்.

கோபிக்காரன்

அண்ணன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஒப்பந்தக்காரருக்கு வருத்தம்தான். ஆனால் இரண்டு தோட்டத்துக்கும் நடுவில் ஒரு வரப்புதான், கிணறும் பக்கத்திலேயே இருக்கிறது. பக்கத்துக்காரரோடு சண்டை போட விருப்பமில்லை, அவர் எங்களுக்கு மாமா முறை. இப்போது எதைச் சோதிக்க வேண்டும், எங்கே கொடுக்க வேண்டும்?

வேதியியல் ஆசிரியர்

முதலில் கிணற்றுத் தண்ணீர். நைட்ரேட்டையும் கோலிஃபார்ம் கிருமியையும் இப்போதே ஒருமுறை, மழைக்காலம் முடிந்து ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை குழந்தைகளுக்கு வேறு தண்ணீர் கொடுக்கட்டும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது.

மாமாவிடம் குற்றம் சொல்லும் தொனியில் பேசாமல், "நம்ம ரெண்டு பேர் கிணறும் ஒண்ணுதான், சேர்ந்தே சோதிச்சிடலாம்" என்று அண்ணன் கேட்கட்டும். அவரிடம் மிஞ்சியிருக்கும் கசடில் பல இடத்திலிருந்து கைப்பிடி கைப்பிடியாக எடுத்து, கையுறை போட்டுக்கொண்டு, நன்றாகக் கலந்து ஒரு கிலோ எடுங்கள். வயலில் கசடு விழுந்த இடத்து மண்ணையும் விழாத இடத்து மண்ணையும் தனித்தனியாக, 15 சென்டிமீட்டர் ஆழம் வரை எடுக்க வேண்டும். இரும்புச் சட்டியில் கலக்க வேண்டாம், பிளாஸ்டிக் வாளி போதும். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் அறிவியல் துறையில் கேட்டுப் பாருங்கள். காட்மியம், ஈயம், நிக்கல், குரோமியம், துத்தநாகம், செம்பு என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். சும்மா "மண் பரிசோதனை" என்றால் தழை, மணி, சாம்பல் மட்டும் பார்த்துத் தருவார்கள். மண்ணின் கார அமில நிலையையும் சேர்த்துக் கேளுங்கள்.

தாதி மலர்

மாமா தோட்டத்தில் வேலை செய்யும் பெண்களுக்கு ரப்பர் பூட்ஸ் வாங்கிக் கொடுக்கச் சொல்லுங்கள் தம்பி. ஆரம்பச் சுகாதார நிலையத்தில் பூச்சி மாத்திரை கிடைக்கும், ரத்தத்தில் ஹீமோகுளோபினும் பார்த்துவிடலாம். தோட்டத்துக்குக் கூட வரும் பிள்ளைகளையும் அழைத்துப் போகச் சொல்லுங்கள்.

கோபிக்காரன்

சரிங்க அக்கா. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மாமா வீட்டுக்குப் போகிறார். பூட்ஸுக்குப் பணம் நான் இங்கிருந்து அனுப்புகிறேன். சோதனை முடிவு வந்ததும் எண்களை இதே இழையில் போடுகிறேன், வாத்தியார் சார் பார்த்துச் சொல்லுங்கள்.